பாகூர்ப் பிள்ளைக்கு எந்தக் கையெழுத்து?

ஜூன் மாதத்தில் வில்லியனூர்க் கடைத்தெருவில் நோட்டு வாங்க வருகிறவர்களின் கையில் பள்ளிக்கூடம் எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்று இருக்கும். தமிழுக்கு ரெண்டுகோடு நோட்டு, ஆங்கிலத்துக்கு நாலுகோடு நோட்டு, கணக்குக்குக் கட்டம்போட்ட நோட்டு. தனியார் பள்ளிச் சீட்டானால் பெரும்பாலும் இன்னொன்றும் சேர்ந்திருக்கும்: கர்சிவ் நோட்டு. சாய்ந்து, ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் ஆங்கில எழுத்துகளைப் புள்ளிகளால் அச்சிட்டு, அவற்றின்மேல் பிள்ளை பென்சிலை ஓட்டிக்கொண்டே போவதற்கான புத்தகம் அது. அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அங்க ரெண்டாவதுலயே சேர்த்து எழுதுறாங்களாமே” என்று ஏக்கத்தோடு கேட்பதுண்டு.

கர்சிவைப் பள்ளியில் தொடர்வதா விடுவதா என்ற விவாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பதினைந்து ஆண்டுகளாக நடக்கிறது. அங்கே பேனா ஒரு பக்கம், விசைப்பலகை மறுபக்கம். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் தொடக்க வகுப்புகளில் கணினி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. கர்சிவ் நோட்டு எடுத்துக்கொள்ளும் நேரம் இங்கே தமிழ் நோட்டின் நேரம். இதை ஒப்புக்கொள்ளாமல் வெளிநாட்டு வாதங்களை அப்படியே இறக்குமதி செய்தால் நம் பிள்ளைகளுக்கு உதவாது.

முதலில் எழுத்து வடிவங்களை எண்ணிப் பார்ப்போம். தமிழுக்கு 247 எழுத்து என்று சொன்னாலும் பிள்ளையின் கை பழக வேண்டிய வடிவங்கள் அத்தனை இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. உகர, ஊகார வரிசை மட்டும் அடங்காதது: கு, சு, டு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் வளையும், ஆகவே அந்த 36ஐயும் தனித்தனியாகத்தான் பழக வேண்டும். பிறகு துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, விசிறி, சுழி, புள்ளி. டி, டீ என்ற இரண்டும் கூட்டத்தோடு சேராதவை. மொத்தம் எழுபத்தைந்து அளவில் வரும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. கர்சிவையும் சேர்த்தால் இந்த 52, 104 ஆகிவிடும். சில எழுத்துகள் இரண்டு முறையிலும் ஒத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் சின்ன ‘ஆர்’, ‘எஸ்’, ‘எஃப்’, ‘இசட்’ ஆகியவையும் பெரிய ‘ஜி’, ‘க்யூ’ ஆகியவையும் புத்தகத்தில் படிக்கும் அச்செழுத்தோடு ஒட்டுறவே இல்லாதவை. ஆக, பேசத் தெரிந்த மொழியை எழுத ஒரு மடங்கு வடிவம். பேசத் தெரியாத மொழியை எழுத அதைவிட அதிகம். ஆறு வயதுக் கைக்கு இதை நாம் வைத்திருக்கிறோம்.

நேரத்தையும் எண்ணிவிடலாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 பாட மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. நாளுக்கு 20 நிமிடம் கர்சிவுக்கு ஒதுக்கும் பள்ளி ஆண்டுக்கு 4,000 நிமிடத்தை, அதாவது 66 மணி நேரத்துக்கு மேல், அதற்குக் கொடுத்துவிடுகிறது. மொத்தப் பாட நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு இது. வீட்டுப்பாடம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வில், 2022இல் தமிழ்நாட்டு ஊர்ப்புறத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் சுமை அந்த எண்ணில் உண்டு. அதே பாடநூல்களைப் பல பத்தாண்டுகள் பகிர்ந்துகொண்ட, அதே வயல்களின் தொடர்ச்சியில் வாழும் பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் அந்தச் சுமையிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. தமிழ்நாடு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஒன்றிய அரசு நிபுண் பாரத்தைத் தொடங்கியிருந்தது. இரண்டின் இலக்கும் ஏறக்குறைய ஒன்றே: மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை புரிந்து படிக்கவும் தானாக எழுதவும் வேண்டும். அந்த மூன்று ஆண்டுக்குள்தான் கர்சிவ் நோட்டும் நுழைகிறது.

இந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் பயன் என்ன, அது எப்போது தீர்ந்தது என்பது தெளிவாகும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வணிகக் கணக்கர்கள் வாத்திறகுப் பேனாவால் எழுதினார்கள். இறகின் முனையை எடுத்து எடுத்து வைத்தால் மை சொட்டும், முனை தாளில் சிக்கும். அதனால் எடுக்காமல் ஓட்டுவதே வேகம், அதுவே துப்புரவு. அந்த ஓட்டத்தை ஒழுங்குபடுத்தி ‘ரவுண்ட் ஹேண்ட்’ என்றார்கள். எழுத்தாசான்கள் அதன் மாதிரிகளைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்து விற்றார்கள். ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘யுனிவர்சல் பென்மேன்’ அவற்றில் புகழ்பெற்றது. செம்பில் செதுக்கிப் பரவியதால் அந்த எழுத்துக்குக் ‘காப்பர்பிளேட்’ என்றே பெயர் நின்றுவிட்டது. நம் கடைகளில் விற்கும் கர்சிவ் நோட்டு அதன் எளிமைப்பட்ட வழித்தோன்றல். லாஸ்லோ பீரோ 1938இல் பந்துமுனைப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, எடுத்து வைத்தால் மை சொட்டும் என்ற காரணமே போய்விட்டது. பந்துமுனைக்கு அழுத்தம் வேண்டும். அழுத்தி எழுதும் சின்னக் கைக்கு இடையிடையே தூக்கி வைப்பதே ஓய்வு. பென்சிலுக்கும் இது பொருந்தும்.

செம்பு, எழுத்து என்று சேர்த்துச் சொன்னதும் பாகூர்க்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். 1879இல் அவ்வூரில் கிடைத்த செப்பேடுகள் ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விச் சாலைக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாயை எழுதிக்கொடுத்த ஆவணம் அது. வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி தமிழெழுத்தில். எழுதியவன் காஞ்சிபுரத்துப் பொற்கொல்லர் குடும்பத்தவன் என்பதும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. மானியம் பெற்ற கல்விச்சாலை மறைந்துவிட்டது, ஏடுகளும் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. ஆனால் பள்ளிக்கூடத்துக்கென்று ஊர் எழுதிவைத்த மண்ணில், ஒரு வரிவடிவத்தை அல்ல, இரண்டு வரிவடிவங்களைக் கையால் ஆள்வது ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொழிலாக இருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இரண்டு எழுத்துமுறை நம் பிள்ளைக்குப் புதிய சுமை அல்ல. ஒரே மொழிக்கு இரண்டு எழுத்துமுறை என்பதுதான் புதிது.

தமிழுக்குச் சொந்தமாகச் சேர்த்தெழுதும் வழக்கமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஓலையில் எழுத்தாணி பிடித்தவர்கள் புள்ளி வைப்பதைத் தவிர்த்தார்கள், ஓலை கிழியும் என்பதால். நார்போக்கில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும் என்பதால் எழுத்துகளை வளைத்தார்கள். வலக்கை நின்ற இடத்தில் நிற்க, இடக்கை ஓலையை நகர்த்தும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடும் பழக்கமில்லை. தாள் வந்த பிறகும் அந்தக் கைப்பழக்கம் மாறவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, பிக்கம் லண்டனில் தம் மாதிரிகளைச் செதுக்கிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் தொடங்கியது. அதுவும் கணக்குப் பேரேட்டு எழுத்துதான். வணிகர் கை இரண்டு நாட்டிலும் ஓட்டத்தைத் தேடியது.

ஊர்க் கணக்குப்பிள்ளைகளிடம் இந்த ஓட்டம் முழுமை பெற்றது. அவர்கள் கையில் ‘வருடம்’ ௵ என்று சுருண்டது, ‘மாதம்’ ௴ ஆனது, ‘நாள்’ ௳ ஆனது, ‘மேற்படி’ ௸ ஆனது. பற்றுக்கும் வரவுக்கும் ரூபாய்க்கும் தனித்தனிக் குறிகள். எழுத்துகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து ஒரே இழுப்பில் முடிக்கும் இவற்றுக்குக் கூட்டெழுத்து என்று பெயர். நமக்கும் ஒரு ‘கர்சிவ்’ இருந்தது. அதை எந்தப் பள்ளியும் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தொழிலுக்குப் போனவர்கள் தொழிலில் கற்றார்கள்.

அடுத்த மாற்றம் நம் வாழ்நாளிலேயே நடந்தது. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் பயன்படுத்தத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளை, அவருடைய நூற்றாண்டையொட்டி 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. மாறியவை 13: ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், பிறகு ணை, லை, ளை, னை. பழைய ‘றா’வின் வளையமும் பழைய ‘லை’யின் யானைத் துதிக்கையும் கையோட்டத்தில் பிறந்த வடிவங்கள்; பென்சிலை எடுக்காமல் போடக்கூடியவை. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அவை இடைஞ்சல். மாற்றியது சரி என்றே நினைக்கிறேன், பிள்ளைகளின் சுமை குறைந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் படித்துவந்த புதுச்சேரியும் அதே வழியில் நடந்தது. எழுபது வயதைக் கடந்தவர்கள் இன்றைக்கும் பழைய துதிக்கையோடு ‘லை’ எழுதுவதைப் பார்க்கலாம். அவர்களுடைய கடிதத்தைப் பேரப்பிள்ளை ஓரளவு ஊகித்துப் படித்துவிடுகிறது. எழுதக் கற்றுக்கொள்ளாத வடிவத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சான்று இது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கர்சிவ் மூளையை வளர்க்கிறது என்று பள்ளி விளம்பரங்களிலும் வாட்ஸப்பிலும் வரும் செய்திகள் சில உண்மையான ஆய்வுகளின் மேல் நிற்பவைதான். ஆனால் அந்த ஆய்வுகள் சொன்னது வேறு.

2012இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் 15 பேரை எடுத்துக்கொண்டார்கள். எழுத்துகளைக் கையால் தாமாக எழுதியும், விசைப்பலகையில் தட்டியும், போட்ட கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டியும் அவர்கள் பழகினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையில் எது இயங்குகிறது என்று படமெடுத்தார்கள். வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் இயங்கியது கையால் தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். தட்டியதற்கும் இல்லை, மேலோட்டியதற்கும் இல்லை. அவர்கள் எழுதியது தனித்தனி அச்செழுத்து, கர்சிவ் அன்று. மேலோட்டியதற்குப் பயன் இல்லை என்பதை மறுபடி படியுங்கள்: நம் கர்சிவ் நோட்டின் பெரும்பகுதி புள்ளிக்கோட்டின்மேல் பென்சிலை ஓட்டுவதுதான். பிள்ளை கோணல்மாணலாக, தானாக, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி எழுதிப் பார்க்கும்போதுதான் ‘இதுவும் அ, அதுவும் அ’ என்று அதற்குப் பிடிபடுகிறது. நாம் அழகு என்ற பெயரில் அந்தக் கோணலைத்தான் முதலில் ஒழிக்கப் பார்க்கிறோம்.

2024 ஜனவரியில் நார்வே நாட்டிலிருந்து ஓர் ஆய்வு வந்து உலகெங்கும் பரவியது. வான் டெர் வீல், வான் டெர் மீர் என்ற இருவர் 36 பல்கலைக்கழக மாணவர்களை, டிஜிட்டல் பேனாவால் சேர்த்தெழுதவும், விசைப்பலகையில் ஒற்றை விரலால் தட்டவும் வைத்து மூளை அலைகளைப் பதிந்தார்கள். எழுதும்போது மூளைப் பகுதிகளின் இணைப்பு விரிவாக இருந்தது. ஆனால் எழுதியது நினைவில் நின்றதா என்ற தேர்வு அதில் இல்லை. கர்சிவையும் தனியெழுத்தையும் ஒப்பிடவும் இல்லை. கையால் எழுதுவது நல்லது என்பதற்கு அது சான்று. சேர்த்து எழுதினால் கூடுதல் நல்லது என்பதற்கு அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

கர்சிவுக்கு நேரடியாகச் சாதகமானது கனடாவின் கியூபெக்கிலிருந்து 2012இல் வந்தது. இரண்டாம் வகுப்பில் ஏறத்தாழ 700 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில், கர்சிவ் மட்டுமே கற்றவர்கள் எழுத்துப்பிழையிலும் தொடரமைப்பிலும் கூடுதலாக முன்னேறினார்கள். இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் எழுதியது பள்ளியில் நாள் முழுவதும் புழங்கும் ஒற்றை மொழியான பிரெஞ்சு. நம் பிள்ளை அச்செழுத்தைக் கற்று, அது படியும் முன்பே வேறு வடிவத்துக்கு மாறி, நடுவில் தமிழையும் எழுதுகிறது. அந்த முடிவை இங்கே கொண்டுவந்து பொருத்த வழியில்லை. வேகத்தைப் பற்றி ஸ்டீவ் கிரஹாம், நவோமி வெய்ன்ட்ராப், வர்ஜீனியா பெர்னிங்கர் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு நெருக்கமானது. நான்காவது முதல் ஒன்பதாவது வரை 600 அமெரிக்க மாணவர்கள். முழுக்க அச்செழுத்து எழுதியவர்களையும் முழுக்க கர்சிவ் எழுதியவர்களையும்விட, இரண்டையும் கலந்து தன் விருப்பத்துக்கு எழுதியவர்கள் வேகமாக எழுதினார்கள். வளர்ந்த எவருடைய கையெழுத்தையும் பாருங்கள். வசதியான இடத்தில் சேரும், வசதியில்லாத இடத்தில் பிரியும். கை தன் வழியைத் தானே கண்டுகொள்கிறது.

இந்தியாவில் இதைவிட முக்கியமான ஆய்வு ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் செய்து 2007இல் வெளியிட்டது அது. ஆங்கிலக் குழந்தை ஓராண்டில் எழுத்துகளை முடித்துவிடலாம். உயிர்க்குறிகள் மெய்யோடு ஒட்டும் நம் வகை எழுத்துமுறையில் அந்தக் கற்றல் நான்காம் வகுப்புவரை நீள்கிறது என்று அவர் காட்டினார். தமிழ் ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது ‘க்’. கை முதலில் போடுவது ஒற்றைக்கொம்பு. பிறகு க, பிறகு துணைக்கால். ஒலியின் வரிசை ஒன்று, கோட்டின் வரிசை வேறு. ‘கா’வின் துணைக்காலும் ‘கர’வின் ரகரமும் அவசரக் கையில் ஒன்றாகிவிடும். ரெண்டுசுழி ன, மூணுசுழி ண என்று ஊர் டீச்சர்கள் சொல்லித் திருத்துவது இலக்கணத்தை மட்டும் அன்று, கையையும்தான். இதற்குத் தேவைப்படும் நேரத்தை எந்தச் சீட்டும் கேட்பதில்லை.

பின்லாந்து கையெழுத்தையே நிறுத்திவிட்டது என்று ஒரு செய்தி அடிக்கடி சுற்றும். 2016இல் அவர்கள் விட்டது சேர்த்தெழுதும் முறையை மட்டும். தனியெழுத்தைக் கையால் எழுதுவது தொடர்கிறது, தட்டச்சு அதோடு சேர்ந்தது. மறுபக்கம், கலிபோர்னியா 2023இல் சட்டம் இயற்றி ஆறாம் வகுப்புவரை கர்சிவைத் திரும்பக் கொண்டுவந்தது. பிரான்ஸ் தன் கர்சிவை விட்டதே இல்லை. 1826இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு லிசேயின் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் எழுத்து. ஆனால் பிரெஞ்சு முறையில் ஒரு நேர்மை இருக்கிறது: தொடக்கத்திலிருந்தே ஒரே கையெழுத்து, அதற்கென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அதற்கென்று கோடிட்ட தனி நோட்டு. நாம் அதில் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

புதுச்சேரியில் இப்போது இந்தக் கேள்வி அவசரமானது. தனி வாரியம் இல்லாத இந்த ஒன்றியப் பகுதியில், 2023-24 கல்வியாண்டு முதல் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டுச் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025இல் அரசுப் பள்ளி மாணவர்கள் முதல்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதினார்கள். அதுவரை தமிழில் விடை எழுதிப் பழகிய கை, அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதாயிற்று. மூன்று மணி நேரம், 80 மதிப்பெண். பாகூரிலோ வில்லியனூரிலோ ஒரு பெற்றோர் “பிள்ளைக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடணும்” என்று கேட்டால் அதில் தவறு காண மாட்டேன். ஓட வேண்டும்தான். ஆனால் ஓட்டம் என்பது வேகமும் தெளிவும். சாய்வும் கொக்கியும் அதில் சேராது. விடைத்தாள் திருத்துகிறவர் எதிர்பார்ப்பது படிக்க முடிகிற எழுத்து. நாளும் ஐந்து வரி தானாக யோசித்து எழுதும் பிள்ளைக்கு, மாதிரி எழுத்தை ஐம்பது முறை நகலெடுக்கும் பிள்ளையைவிட அந்த வேகம் முன்னதாக வரும் என்பது வகுப்பறைகளைப் பார்த்து எனக்கு உண்டான முடிவு.

பெற்றோரின் ஆசைக்கு இன்னோர் ஆழம் உண்டு, அதை மதிக்காமல் தாண்டிப்போகக் கூடாது. தமிழில் ‘கையெழுத்து’ என்ற ஒரே சொல்தான் எழுதும் அழகுக்கும் ஒப்பமிடுவதற்கும். கைநாட்டு என்ற சொல் எப்படிச் சுட்டது என்பதை அனுபவித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இந்த ஊர்களில் இரவு வகுப்பு நடத்தியபோது, நடவுக்குப் போய்விட்டு வந்த பெண்கள் முதலில் எழுதக் கேட்டது தங்கள் பெயரை. தன் தாய் பெருவிரலில் மை தடவியதைப் பார்த்து வளர்ந்தவர், தன் மகள் சேர்த்தெழுதும் ஆங்கிலத்தில் தன் குடும்பம் ஏறிய படிகளைப் பார்க்கிறார். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. கர்சிவ் நோட்டை வாங்கச் சொல்லும் பள்ளிகள் அந்த மகிழ்ச்சியை நம்பித்தான் சொல்கின்றன. ஆனால் அதே பெற்றோரிடம், பிள்ளை தமிழில் பத்து வரி பிழையில்லாமல் தானே எழுதிக் காட்டட்டும். அவர்கள் முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள்.

என் நிலை இது. மூன்றாம் வகுப்பு முடியும்வரை கர்சிவ் வேண்டாம். அந்த நேரத்தைத் தமிழ் எழுத்துக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் நகலெடுக்கும் நேரமாக அல்லாமல் கற்றுக்கொடுக்கும் நேரமாக. ‘இ’ எங்கே தொடங்குகிறது, ‘ஞ’வின் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, பென்சிலை எங்கே தூக்குவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டும் ஆசிரியர் வேண்டும். இந்த வித்தையில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால், உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள். எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கத்திய பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். பிறகு 1797இல் லண்டனில் நூலாகவே வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் மணல் தட்டு வந்தது அப்படித்தான். மணலில் அச்சிட்ட மாதிரிக்கோடு கிடையாது. பிள்ளை தானாகவே எழுதிப் பழக வேண்டும். 2012இல் இந்தியானாவில் மூளைப் படம் எடுத்துக் கண்டதை நம் திண்ணை வேறு வழியில் அறிந்திருந்தது.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “சோத்தாங்கையால எழுது” என்று கையில் தட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வலப்பக்கம் சாயும் கர்சிவ் வலக்கைக்கென்றே அமைந்தது. இடக்கை அதைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், எழுதியதைத் தானே மறைத்துக்கொள்ளும். அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே “எனக்குக் கையெழுத்து வராது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நான்காவது, ஐந்தாவதில் ஆங்கில எழுத்து படிந்த பிறகு, விரும்புகிற பிள்ளை சேர்த்தெழுதட்டும். விரும்பாத பிள்ளைக்கு அதைப் படிக்க மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும், அதற்குச் சில வாரங்கள் போதும். மதிப்பெண் வேண்டாம்.

படிக்கக் கற்றுக்கொடுப்பதை நான் சலுகையாகச் சொல்லவில்லை. வில்லியனூரும் பாகூரும் 1880 மார்ச் 12 பிரெஞ்சு ஆணையின்படி கொம்யூன்களானவை. அன்று முதல் மேரி எனப்படும் நகரமன்றங்களில் பிறப்பும் திருமணமும் இறப்பும் பிரெஞ்சில், சேர்த்தெழுதும் கையில் பதிவாயின. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள் இன்றைக்கும் ஒரு சான்றுக்காக அந்தப் பதிவேடுகளைத் தேடுகின்றன. நிலப் பத்திரங்களோ கணக்குப்பிள்ளையின் கூட்டெழுத்தில். இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எழுத்து அழகுக்கு ஆறு வயதில் செலவிடும் அறுபத்தாறு மணி நேரத்தில் பத்து மணி நேரத்தைப் பதின்மூன்று வயதுக்குத் தள்ளிவைத்தால், எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் இதை ஒரு பாடமாக நடத்தலாம். வீட்டில் தகரப்பெட்டிக்குள் இருக்கும் பழைய பத்திரத்தின் நகல் ஒன்றைப் பிள்ளை எடுத்துவரட்டும். ௵ எங்கே, ௴ எங்கே, ௸ யாரைக் குறிக்கிறது, பழைய துதிக்கை ‘லை’ எத்தனை முறை வருகிறது என்று தேடட்டும். கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் இருப்பார்கள். எழுதத் தெரிந்தவர்கள் பெயரை எழுதியிருப்பார்கள். தெரியாதவர் ஒரு கோடு கீறியிருப்பார், பத்திரம் எழுதியவர் அதன் பக்கத்தில் ‘இன்னார் கீறல்’ என்று குறித்திருப்பார். அந்தப் பெயர் பிள்ளையின் கொள்ளுப்பாட்டியுடையதாகவும் இருக்கலாம்.